செவ்வாய்க்கிழமை எழுநூறு

"திங்கக்கிழமை முந்நூறு பெட்டி. செவ்வாய்க்கிழமை எழுநூறு. நேத்து புதன்கிழமை மறுபடி முந்நூறு. உன் உடம்பு வலி என்ன, கிழமை பாத்துத்தான் வருமா?"

சூப்பர்வைசர் பதிவேட்டை மேஜைமேல் பொத்தென்று போட்டார். எதிரே நின்றது நாற்பத்தொன்று. மாத்திரைகளைப் பெட்டியில் அடைக்கும் அந்தப் பிரிவில் யாருக்கும் பெயர் கிடையாது, முகமும் கிடையாது. தலைக்குத் தொப்பி, கண்ணுக்குப் பிளாஸ்டிக் கண்ணாடி, மூக்கையும் வாயையும் மூடிய மாஸ்க், கழுத்திலிருந்து கணுக்கால் வரை வெள்ளை அங்கி, அதன்மேல் குத்திய அட்டையில் ஒரு எண். அந்த எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், திட்டுவார்கள், வேலையை விட்டும் அனுப்புவார்கள்.

இன்று அனுப்பும் நாள். டைப் செய்த கடிதம் மேஜைமேல் தயாராக இருந்தது.

"உடம்பு முடியாததால நீயே விலகிக்கிறதா எழுதியிருக்கு. கீழே ஒரு கையெழுத்து போட்டுட்டுக் கிளம்பும்மா."

"கையெழுத்தெல்லாம் போட முடியாது சார்."

சூப்பர்வைசர் நிமிர்ந்து பார்த்தார். இந்த அறைக்குள் வருகிறவர்கள் கண்ணைக் கசக்கித்தான் அவருக்குப் பழக்கம்.

"டெங்கு வந்து மூணு மாசம் ஆச்சு. ஏழு நாள் காய்ச்சலை இன்னும் எத்தனை நாளைக்குக் கொண்டாடப் போறே?"

"காய்ச்சல் ஏழாம் நாளே போயிடுச்சு சார். சும்மா போகல. முட்டியில இருந்த பலத்தையெல்லாம் வழிச்சு எடுத்துட்டுப் போயிடுச்சு. காலையில படுக்கையை விட்டு எழுந்திருக்கவே அரை மணி நேரம். சீப்பு வெச்சா முடி கொத்துக் கொத்தா வருது. ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிக்கிட்டு வந்தா பாதியில மறந்துபோகுது. ஆஸ்பத்திரிச் செலவுக்கு வீட்டுல இருந்த ஸ்கூட்டரை வித்தாச்சு. இப்ப வேலையும் போச்சுன்னா வாடகையைக் கொசுவா வந்து கட்டும்?"

"இருபத்தெட்டு வயசுல இந்தப் பேச்சு. எங்கம்மாவுக்கு அறுபது. இன்னமும் மூணு மாடி ஏறி இறங்குறாங்க."

நாற்பத்தொன்றுக்கு மாஸ்க்குக்குள் சிரிப்பு வந்துவிட்டது. "நல்லா ஏறட்டும் சார். அவங்களுக்கு டெங்கு வரலையே."

"எதிர்ப்பேச்சா? நேத்து கடிதம்னு சொன்னப்போ வாயே திறக்காம தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னே. இன்னிக்கு என்ன வந்துச்சு உனக்கு? குரல்கூடக் கரகரன்னு இருக்கு. மாஸ்க்கைக் கழட்டிட்டுப் பேசு."

"உள்ளே மாஸ்க்கைக் கழட்டினா ஒரு நாள் சம்பளம் கட்டுன்னு நீங்கதானே சார் சுவத்துல ஒட்டியிருக்கீங்க?"

ஒட்டித்தான் இருந்தது, அவர் கையெழுத்தோடு.

உள்ளுக்குள் நாற்பத்தொன்றுக்குப் பயம்தான். இந்தச் சம்பளம் நின்றால் அடுத்த மாதம் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கும். ஆனால் பயத்தைக் காட்டினால் இந்த ஆள் இன்னும் இரண்டு மடங்கு எகிறுவார் என்பதும் தெரியும். அதனால் முதுகை நிமிர்த்திக்கொண்டு நின்றது.

"சரி, செவ்வாய்க்கிழமை எழுநூறு எப்படி வந்துச்சு? அதைச் சொல்லு. முடியாதவளுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் மட்டும் எப்படி முடியுது? நடிப்புதானே?"

இதற்குக் கொஞ்சம் திணறத்தான் வேண்டியிருந்தது. கையை அடக்கி வைத்திருக்க வேண்டும். பல வருஷம் பழகி, பெட்டி ஓடுகிற பெல்ட்டைக் கண்டால் நிற்க மாட்டேன் என்கிற கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"செவ்வாய்க்கிழமையை மறந்துடுங்க சார். முந்நூறைப் பாருங்க. எட்டு மணி நேரம் நின்னுக்கிட்டே செய்யுற வேலை. முட்டி தாங்கல, அதான் முந்நூறு. ஒரு ஸ்டூல் போட்டுக் குடுங்க. நாளைக்கே நானூறு வரும். போகப் போக ஏறும்."

"ஒருத்திக்கு ஸ்டூல் போட்டா எல்லாரும் கேப்பாங்க."

"கேக்கட்டும்ப்பா! பதினேழுக்கும் அறுபத்தெட்டுக்கும் இதே காய்ச்சல்தான் வந்துச்சு. கக்கூஸுக்குள்ள போய் முட்டியைப் பிடிச்சுக்கிட்டு அழுறாங்க. அவங்களுக்கும் சேத்துப் போடுங்க. மூணு பேரையும் வெளியே அனுப்பிட்டா அந்த வரிசையில யாரு நிப்பா? நீங்களா?"

சூப்பர்வைசர் கண்ணாடிச் சுவர் வழியாக வரிசையைப் பார்த்தார். புதிய ஆளுக்கு வேலை பழக இரண்டு மாதம் ஆகும். சரக்கு போக வேண்டியதோ இந்த மாதக் கடைசியில். கடிதத்தை எடுத்து இழுப்பறைக்குள் தள்ளினார்.

"மூணு ஸ்டூல். ஒரு மாசம் பாப்பேன். நானூறு வரலைன்னா இதே கடிதம் மறுபடி வெளியே வரும். போ."

நன்றியெல்லாம் சொல்லவில்லை. "ஆடாத ஸ்டூலா பாத்துப் போடச் சொல்லுங்க சார்" என்றுவிட்டு நாற்பத்தொன்று வெளியே நடந்தது.

சாயங்காலம் இரண்டு பஸ் மாறி வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து கதவைத் திறந்தாள் ஓர் இளம்பெண்.

"என்ன ஆச்சு? கடிதத்தைக் குடுத்துட்டாங்களா, அத்தை?"

"உட்கார ஸ்டூல் வாங்கியாச்சு, நாளைலேர்ந்து தினமும் நீயே போ" என்றபடி நாற்பத்தொன்றாம் எண் அட்டையை மருமகளின் கையில் கொடுத்தாள் மாமியார். "ஆனா அந்த ஆளு ஏதாவது கேட்டா நேத்து மாதிரி தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்காதே; நீ பெரிய வாயாடின்னு இன்னிக்குப் பேர் வாங்கி வெச்சுட்டு வந்திருக்கேன்!"