பதினேழு அடி லாரி

"நம்ம வீட்டுச் சாமானுக்குப் பதினேழு அடி லாரியா? யாரைக் கேட்டு மாத்தினே?"

ஆடிட்டர் கொட்டேஷனை மனைவியின் முகத்துக்கு நேரே நீட்டினார். ஆபீசில் அடுத்தவர் பில்லில் ஓட்டை கண்டுபிடிப்பதே அவர் உத்தியோகம். சொந்த வீட்டில் ஒரு ஓட்டை அகப்பட்டால் விடுவாரா?

எழுநூறு கிலோமீட்டர் தள்ளி மாற்றலாகியிருந்தது. கிளம்ப எட்டு நாள்தான் பாக்கி. வீடு முழுக்க அட்டைப்பெட்டி. பல் தேய்க்கும் பிரஷ் எந்தப் பெட்டியில் போனது என்பதற்கே ஒரு விசாரணை கமிஷன் வைக்க வேண்டியிருந்தது.

"போன வாரம் வந்து அளந்துட்டுப் போனவர் பதினாலு அடியே தாராளம்னார். நான் பக்கத்துலதானே நின்னேன்?"

"அப்புறம் நான்தான் போன் பண்ணிப் பெரிசா மாத்தச் சொன்னேன்," என்றாள் மனைவி, பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டே.

"ஏன்?"

"தேவைப்படுது."

"என் டிரெட்மில்லை விக்கச் சொன்னப்ப இடமில்லைன்னே. கேரம் போர்டைத் தூக்கிக் கொடுத்தப்பவும் இடமில்லைன்னே. இப்ப எதுக்குத் தேவைப்படுது?"

"அந்த டிரெட்மில்லுல நீங்க ஓடினதைவிட நம்ம துணி காய்ஞ்சதுதான் அதிகம். அந்தக் கத்தரிக்கோலைக் கொஞ்சம் எடுங்க."

அவளுடைய தையல் மெஷினும்தான் விலைக்குப் போயிருந்தது. அதெல்லாம் அவர் கணக்கில் வராது.

ஆடிட்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று வாரம் உட்கார்ந்து பட்ஜெட் போட்டவர் அவர். புது வீட்டு அட்வான்ஸ், லாரி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, போய்ச் சேர்ந்ததும் இரண்டு நாள் ஓட்டல் சாப்பாடு வரை வரி வரியாக எழுதி, மிச்சம் நாலாயிரம் என்று அடியில் இரண்டு கோடு இழுத்து வைத்திருந்தார். பெரிய லாரி வந்து அந்த நாலாயிரத்தையும் விழுங்கிவிட்டு, மேலே கடன் வேறு வைத்திருந்தது.

இரண்டாம் பக்கத்தைத் திருப்பியதும்தான் அசல் விஷயம் தெரிந்தது. 'வழியில் ஒரு நிறுத்தம். சாமான் ஏற்றுதல். கூடுதல் கட்டணம்.' பக்கத்திலேயே ஊர்ப் பெயர்.

மச்சான் இருக்கிற ஊர்!

அப்படியா சங்கதி! மனைவியின் தம்பி போன மாதம்தான் புது சோபா வாங்கியிருந்தான். பழையது வீட்டை அடைத்துக்கொண்டு கிடக்கிறது என்று போனில் புலம்பியதை ஆடிட்டரும் கேட்டிருந்தார்.

"உன் தம்பி வீட்டுக் குப்பையை ஏத்திக்கிட்டு வர்றதுக்கு நான் கூடுதலா பதினோராயிரம் தண்டம் அழணுமா?"

மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

"ரெண்டு நாள் பொறுங்க. தானா தெரியும்."

"என்ன தெரியும்? இப்பவே சொல்லேன்!"

"அதை நான் சொல்லக்கூடாது."

தம்பிப் பாசம் வாயைக் கட்டுகிறது என்று முடிவு கட்டினார் ஆடிட்டர். நேரே பால்கனிக்குப் போய் லாரி கம்பெனிக்குப் போன் போட்டார்.

"பதினாலு அடி லாரியே போதும். நடுவுல நிக்கிறதையும் எடுத்துடுங்க."

"சார், மேடம் அங்க ஒருத்தரோட நம்பர்கூடக் கொடுத்திருக்காங்களே..."

"பணம் குடுக்கிறது யாரு?"

"நீங்கதான் சார்."

"அப்ப நான் சொல்றதைக் கேளுங்க. அந்த நம்பருக்கே கூப்பிட்டு, லாரி வராதுன்னு சொல்லிடுங்க. நான் சொன்னேன்னே சொல்லுங்க."

உள்ளே வந்தபோது பல வருஷத்துப் பாரம் இறங்கியது போலிருந்தது அவருக்கு.

"பதினோராயிரம் மிச்சம் பண்ணிட்டேன். லாரி எங்கேயும் நிக்காது."

மனைவியின் கையிலிருந்த டேப் கீழே உருண்டது. "ஐயோ! என்னைக் கேட்காம ஏங்க இப்படிப் பண்ணீங்க?"

"நீ என்னைக் கேட்டியா?"

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அவர் போன் அடித்தது. மச்சானாகத்தான் இருக்கும், நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று பெயரைக்கூடப் பார்க்காமல் எடுத்தார்.

"இதோ பாரு, என் லாரியில யாருக்கும் இடமில்லை. ஒரு ஸ்டூலுக்குக்கூட இடமில்லை. புரிஞ்சுதா?"

மறுமுனையில் ஒரு இருமல் கேட்டது.

"அப்பா பேசறேன்பா."

மச்சான் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி, அதே ஊரில் தனியாக இருக்கும் அப்பா. ஊர்ப் பெயரைப் பார்த்ததும் ஆடிட்டருக்கு மச்சானும் சோபாவும் ஞாபகம் வந்தன. அப்பா வரவில்லை.

"மருமகதான் ரெண்டு மாசமா வந்துடுங்க வந்துடுங்கன்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தா. முடிவு பண்ணிட்டு நீங்களே அவர்கிட்ட சொல்லுங்க மாமான்னா. நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள லாரிக்காரங்க கூப்பிட்டாங்க..."

"அப்பா, நான் வந்து..."

"பரவாயில்லப்பா. கட்டிலும் பீரோவும்தானே, இங்கேயே யாருக்காவது குடுத்துடறேன். கையில ஒரு பையோட நான் மட்டும் வந்தா, இடம் இருக்குமாப்பா?"