ஸ்டீயரிங் சட்டம்

"எம் பொண்ணு இறக்கின ஹெலிகாப்டருக்கு நீங்க பேர் வாங்கிக்கறீங்களா சார்?"

கதவைத் தட்டக்கூட இல்லை. நேரே உள்ளே போய் மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார் பஸ் டிரைவர். பின்னாலேயே ஓடி வந்த மகள் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"வேணாம்ப்பா. போயிடலாம்."

"நீ சும்மா இரு. வாயுள்ள பிள்ளைதான் பிழைக்கும்."

விமானப் பயிற்சிப் பள்ளி ஆசிரியர் நிமிர்ந்து பார்த்தார். மாணவர்கள் அவருக்கு வைத்த பேர் சிடுமூஞ்சி. பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள். மேஜைமேல் அட்டைப்பெட்டி. அதில் தன் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"உட்காருங்க."

"உட்கார வரலை சார். முந்தாநாள் என்ன நடந்துச்சு? ஆயிரம் அடி உயரத்துல எஞ்சின் நின்னு போச்சு. வேற யாரா இருந்தாலும் கைகால் உதறியிருக்கும். இவ அசரலை. இறக்கை சுத்தற வேகத்தை வெச்சே ஃபுட்பால் மைதானத்துல பூப்போல கொண்டாந்து இறக்கிட்டா. ஒரு கீறல் இல்லை. உண்டா இல்லையா?"

"உண்டு."

"பக்கத்து சீட்டுல இருந்த நீங்க கை வெச்சீங்களா?"

"இல்லை. தேவைப்படலை."

மனுஷன் கூசாமல் ஒப்புக்கொள்கிறானே என்று டிரைவருக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்புறம் வாசல் நோட்டீஸ் போர்டுல என்ன ஒட்டியிருக்கு? 'ஹெலிகாப்டர் ஆசிரியரான என் கையில் இருந்தது. நானே பத்திரமாக இறக்கினேன்.' சின்னப் பொண்ணு உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு இறக்குவா, நீங்க நோகாம நுங்கு தின்பீங்க. பெட்டி கட்டறதைப் பார்த்தா பெரிய உத்தியோகமே கிடைச்சிருச்சு போல."

சிடுமூஞ்சி இன்னொரு புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டிப் பெட்டியில் வைத்தார்.

"அப்பா, போதும்ப்பா." மகள் மறுபடி சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

இரண்டு நாளாக அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. இந்த ஆள் செய்த அநியாயம்தானே அத்தனையும். டிரைவர் மேஜையைத் தட்டினார்.

"இருபத்தாறு வருஷமா பஸ் ஓட்டறேன் சார். எங்க டிப்போவுல ஒரே சட்டம்தான். ஸ்டீயரிங் யார் கையில இருக்கோ, நல்லதோ கெட்டதோ எல்லாம் அவனோடது. பக்கத்துல நிக்கற கண்டக்டர் அதுல பங்கு கேட்க மாட்டார். ரிப்போர்ட்டை மாத்துங்க. எம் பொண்ணு கையிலதான் இருந்துச்சுன்னு எழுதுங்க. இல்லேன்னா நான் மேலிடத்துக்குப் போவேன்."

"மேலிடத்துக்குச் சாயங்காலம்தான் அனுப்பறேன். மாத்தறதுக்கு நேரம் இருக்கு."

சிடுமூஞ்சி இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"போர்டுல ஒட்டினது மேல் பாதி மட்டும்தான். அதை மாத்தினா கீழ்ப் பாதியையும் மாத்தணும். படிச்சுட்டுச் சொல்லுங்க."

டிரைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வெற்றி கிடைத்த மிதப்பில் வாய்விட்டே படிக்க ஆரம்பித்தார்.

"'எஞ்சின் தானாக நிற்கவில்லை. எஞ்சினுக்குச் சூடான காற்று விடும் குமிழை இழுப்பதற்குப் பதிலாக, பக்கத்திலிருந்த, எரிபொருளை அடைக்கும் குமிழை இழுத்து எஞ்சினை நான்தான் நிறுத்திவிட்டேன். தவறு முழுக்க என்னுடையது. விசாரணை முடியும் வரை நான் பறக்க மாட்டேன், பாடமும் நடத்த மாட்டேன்.'"

கடைசி வரிக்கு வரும்போது குரல் இறங்கிவிட்டது. அட்டைப்பெட்டியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். அவள் தலை நிமிரவில்லை.

"இறக்கினது நான்தாம்பா," என்றாள். "நிறுத்தினதும் நான்தான்."

"குமிழை மாத்தி இழுத்தது மாணவர்னு போட்டா, அன்னைக்கே பள்ளியிலேருந்து அவ பேரை அடிச்சிடுவாங்க," என்றார் சிடுமூஞ்சி. "அதுக்கப்புறம் அவ எவ்வளவு அழகா இறக்கினான்னு ஒருத்தரும் கேட்க மாட்டாங்க."

டிரைவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

சிடுமூஞ்சி பேனா மூடியைக் கழற்றினார்.

"சொல்லுங்க சார். ஸ்டீயரிங் யார் கையில இருந்துச்சுன்னு எழுதட்டும்?"