கீழே நிற்பவள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கிடங்கு. கூரைத் தகரத்தின் இடுக்குகள் வழியே வெயில் கீறல் கீறலாகத் தரையில் விழுகிறது. சிசர் லிஃப்ட்டின் இரும்புக் கைகள் மடிப்பு மடிப்பாக விரிந்து ஜெகதீசனைக் கூரைக்கருகே தூக்கி நிறுத்தியிருக்கின்றன. கீழே அவனுக்குப் பொறுப்பாக நிற்பவள் மதிவதனி. போன வாரம்தான் இருவரும் ஒன்றாகப் பயிற்சி முடித்தார்கள். எட்டாத விளக்கு ஒன்றுக்காக அவன் இப்போது லிஃப்ட் தட்டின் பக்கக் கம்பியின் மேல் ஏறி நிற்கிறான். அது கூடாதென்று இருவருக்கும் தெரியும். அவசரத்துக்கு இறக்கும் விசை அவள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. இழுத்தால் லிஃப்ட் குலுங்கும், அவன் விழுவான். அலறினால் திடுக்கிட்டுத் திரும்புவான், அப்போதும் விழுவான். எங்கோ ஒரு வண்டி பீப் பீப்பென்று பின்னால் நகர்ந்துகொண்டே இருக்கிறது. அவள் உள்ளங்கையைச் சுடிதாரில் துடைக்கிறாள், மறுபடியும் துடைக்கிறாள்.

“ஜெகா,” என்று தூங்குகிறவனை எழுப்புவதுபோல் கூப்பிடுகிறாள். “கம்பிய புட்ச்சிகினு மெதுவா உள்ள எறங்கு.”

“இன்னாக்கா, இந்த ஒரு லைட்டுதான் கீது.”

“எறங்குப்பா.”

அவன் கால் ஒன்று கீழே தட்டைத் தேடுகிறது, காற்றில் துழாவுகிறது, பிறகு பதிகிறது. இரண்டாவது காலும் பதிந்த பிறகே அவள் விசையை இழுக்கிறாள். லிஃப்ட் சீறிக்கொண்டு தாழ்கிறது. அவன் முகத்தைச் சுளித்தபடி வெளியே வருகிறான். மதிவதனி ஹெல்மெட் வாரை இறுக்கிக்கொண்டு உள்ளே ஏறுகிறாள்.

“லிஃப்ட்ட லைட்டுக்கு நேரா நிறுத்தி நான் மாட்றேன். நீ இங்க நில்லு. நின்னு பாரு, எப்டி கீதுன்னு.”

லிஃப்ட் இன்னும் ஆள் உயரம்கூடப் போகவில்லை.

“பாத்துக்கா,” என்கிறான் ஜெகதீசன். “பாத்து.”