நாடித் திரை

தூத்துக்குடியில் அந்த வருஷம் தம்பதிகள் எல்லோரும் கழுத்தில் நாடித் திரை அணிந்திருந்தார்கள். நெஞ்சு படபடத்தால் அதிலுள்ள பூப்படம் மாறும். கடையில் வாங்க மனமில்லாமல், தேவசகாயம் தன் மனைவி ஜெனிட்டாவுக்குத் தானே ஒன்று செய்தார். ஒளிரும் திரை போட்டால் சின்ன பேட்டரி சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிடும். அதனால் மின்தாள் திரையைத் தேர்ந்தெடுத்தார். படம் மாறும் நேரத்தில் மட்டும்தான் அதற்கு மின்சாரம் வேண்டும்.

"வருஷக்கணக்கா வரும் பாரு" என்று பெருமையோடு மாட்டிவிட்டார்.

ஒரே மாதத்தில் பேட்டரி தீர்ந்துபோனது.

அவர் பக்கத்தில் இருக்கும்போது படம் ஒருநாளும் மாறியதில்லை. அப்படியானால் யாரைப் பார்த்து இத்தனை முறை மாறியது? அவருக்குச் சோறு இறங்கவில்லை. புது பேட்டரியைப் போட்டுக் கொடுத்துவிட்டு, மறுநாள் அவளுக்குத் தெரியாமல் பின்னாலேயே போனார்.

துறைமுகத்தை ஒட்டிய ஓட்டுநர் பயிற்சி மைதானத்தில் ஒரு கன்டெய்னர் லாரி பின்பக்கமாக வளைந்து வந்து நின்றது. அதை ஓட்டி வந்தவள் ஜெனிட்டா. வியர்த்து வழிய இறங்கினாள். கழுத்தில் படம் மாறிக்கொண்டே இருந்தது.

"ஏட்டி, என்ட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா வேண்டாம்னு சொல்லுவிய."

அவள் லாரியைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அப்படியொரு சிரிப்பை அவர் வீட்டில் பார்த்ததே இல்லை.

அது ஓர் ஆளாக இருந்திருந்தால் சட்டையைப் பிடித்திருக்கலாம். தேவசகாயம் அந்தப் பெரிய டயரை ஓங்கி உதைத்தார். கால்தான் வலித்தது.