மூன்று கெஜம் வெள்ளைப் பட்டு

"பட்டுத் துணி எங்கம்மா?"

வாத்தியார் அறை வாசலில் அவளை மறித்துக் கேட்டார்.

பிணத்தைக் குளிப்பாட்டி உடுத்திவிடுவதுதான் அவள் பிழைப்பு. சவப்பெட்டிக் கடைக்காரர் அனுப்பியிருந்தார். வந்ததும் வராததுமாக, யாரும் உள்ளே வரவேண்டாம் என்று கதவைச் சாத்திக்கொண்டாள். முக்கால் மணி நேரம். அப்போதே வாத்தியாருக்கு மனசு இடித்தது.

கதவு திறந்ததும் எட்டிப் பார்த்தார். பெட்டிக்குள் அவருடைய அம்மா மேல் வெறும் பருத்தித் துணி. காலையில் கடைகடையாக ஏறி வாங்கிவந்த மூன்று கெஜம் வெள்ளைப் பட்டைக் காணோம்.

வாத்தியார் இறையியல் கல்லூரியில் கிரேக்கம் நடத்துகிறவர். மாணவர்கள் வைத்த பெயர் 'அகராதி'. முகத்துக்கு நேரே சொன்னால் அது படிப்புக்கு, முதுகுக்குப் பின்னால் சொன்னால் திமிர்க் குணத்துக்கு.

ஒரு வருடமாக ஒரே ஒரு கிரேக்கச் சொல்லைப் பற்றிப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். 'டிமே'. கனம், மதிப்பு என்று அர்த்தம். சில இடங்களில் விலை என்றும் வரும். தாய் தகப்பனைக் கனப்படுத்தச் சொல்லும் கட்டளையிலும் அதே வேர்தான். உடம்பில் எந்த உறுப்பைத் தாழ்வாக நினைக்கிறோமோ அதற்குத்தான் கூடுதல் கனம் கொடுத்து மூடுகிறோம் என்று பைபிளில் ஒரு நிருபத்தில் வருகிறதே, அங்கேயும் அந்தச் சொல்தான். அந்த இடம் வாத்தியாருக்கு உயிர். இன்று அம்மாவின் அடக்க ஆராதனையில் அதைத்தான் பேசப்போகிறார். நாலு பக்கம் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தார்.

அம்மா படுத்த படுக்கையாய்க் கிடந்ததும் அதே ஒரு வருடம்தான். அடுத்த அறைதான். வேளாவேளைக்கு ஊட்டிவிட ஓர் ஆள் போட்டிருந்தார்.

"ஒரு நிமிஷம் வந்துட்டுப் போப்பா" என்று நடுநடுவே அம்மா கூப்பிடுவாள்.

"இந்தப் பக்கம் முடியட்டும்மா."

அது முடியும். அடுத்த பக்கம் வரும். கடைசி இரண்டு மாதம் அவள் கூப்பிடுவதையே விட்டுவிட்டாள். அறையில் ஏதோ வாடை என்று ஆள் சொன்னபோது, வாசனைத் திரவியம் வாங்கிக் கொடுத்தார். ஒரு மகன் செய்யவேண்டியதில் குறை வைக்கவில்லை என்றுதான் நம்பினார்.

"உன்னைத்தாம்மா கேக்குறேன். எங்க பட்டு?"

"உள்ளதான் சார் இருக்கு."

"கண்ணால பார்த்துட்டுத்தான் கேக்குறேன்."

அவள் கூடத்துப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். மலர்வளையத்தோடு வந்திருந்த மாணவர்கள் இருபது பேர் கூடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"செத்தவங்க சொத்துல கை வைக்க எப்படிம்மா மனசு வருது?"

ஒரு மாணவன் அவளுடைய பையை வாங்கித் தரையில் கொட்டினான். அவள் தடுக்கவில்லை. சோப்பு, சீப்பு, கையுறை, பஞ்சு. கடைசியாக, இறுக்கி முடிச்சுப் போட்ட ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பை விழுந்தது.

சட்டென்று குனிந்து அதை மட்டும் எடுத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

"இதப் பிரிக்காதீங்க சார். நீங்க மட்டும் உள்ள வாங்க."

கூடத்தில் ஒருவன் சிரித்தான். கையும் களவுமாக அகப்பட்டவள் காலில் விழத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு வாத்தியார் உள்ளே போனார். அவள் கதவைச் சாத்தினாள்.

காலில் விழவில்லை. பெட்டியருகே போய், அம்மாவின் தோளுக்கடியில் கை கொடுத்து, தூங்குகிற குழந்தையைத் திருப்புவதுபோல் மெதுவாக ஒருக்களித்தாள்.

பட்டு அங்கே இருந்தது. நாலாக மடித்து, தோளிலிருந்து இடுப்புவரை சுற்றிக் கட்டியிருந்தாள். அதையும் மீறி மஞ்சளாக ஊறியிருந்தது.

ஓரத்தை விரலால் விலக்கிக் காட்டினாள்.

முதுகில் தோலே இல்லை. இடுப்புக்கு மேலே எலும்பு தெரிந்தது. ஒரு வருடமாக வாத்தியார் வாசற்படியில் நின்று முகத்தை மட்டும்தான் பார்த்திருந்தார்.

"படுக்கைப் புண்ணு சார். திருப்பிப் போடாமலே விட்டா இப்படித்தான் ஆகும்" என்றாள். குரலில் கோபம் இல்லை. "துடைச்ச பஞ்செல்லாம் இந்தப் பையில இருக்கு. பருத்தி புண்ணுல ஒட்டிக்கும், பட்டு ஒட்டாது. இனி வலிக்காதுதான். இருந்தாலும் மனசு கேக்கல."

மூடி, பழையபடி படுக்கவைத்து, பருத்தித் துணியைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள்.

வாத்தியார் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"திருடின்னு சொன்னப்பவே... இத ஏம்மா அங்கயே சொல்லல?"

அவள் பையை இன்னொரு முடிச்சுப் போட்டு இறுக்கினாள்.

"வெளிய உங்க பசங்க நின்னாங்களே, சார்."