காலை வசவு

விஷப்புகையில் கண் வெந்த சிப்பாய்களைப் போட்டிருந்த கொட்டகை அது. வெளிச்சம் பட்டால் கண்ணுக்குள் ஊசி இறங்கும் என்பதால் ஜன்னல்களில் கம்பளி தொங்கியது. தினமும் காலையில் கண் கழுவ வரும் ஆர்டர்லி செல்லையா, வேலை நடக்கவேண்டி அதைத் தூக்குவான். உடனே கட்டில்தோறும் வசவு கிளம்பும். தொண்டையும் புண்ணாகியிருந்ததால் எல்லோரும் கிசுகிசுப்பாகத்தான் திட்டினார்கள்.

கடைசிக் கட்டில் இருதயசாமி மட்டும் திட்டவில்லை. கம்பளியைத் தூக்கியதும் அவனுக்குத் தெரியவில்லை, இறக்கியதும் தெரியவில்லை. இனி பார்வை வருமா என்று கேட்டதற்கு டாக்டர் கண்ணில் மருந்தை விட்டுவிட்டு நகர்ந்திருந்தார்.

"ஏலே, இன்னைக்கும் மௌனவிரதமா?" என்பான் பக்கத்துக் கட்டில் சுடலைமுத்து. பிறகு கையை நீட்டி, அவன் தோளைத் தேடிப் பிடித்துக்கொள்வான். "பொறுலே. வீக்கம் வத்தட்டும்."

ஒருநாள் கம்பளி உயர்ந்தபோது, செல்லையாவின் ஏழு தலைமுறையையும் சந்திக்கு இழுக்கும் ஒரு வசவு கடைசிக் கட்டிலிலிருந்து வந்தது. மற்ற வசவுகள் நின்றுபோயின.

"யாருலே அது?" என்றான் சுடலைமுத்து.

இருதயசாமி இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு துடித்தான். செல்லையா பதறிப்போய்க் கம்பளியை இறக்கப் போனான்.

"இறக்குனே, கொன்னுபோடுவேன்" என்றான் இருதயசாமி. பிறகு ஒரு விரலை மட்டும் மெல்ல விலக்கினான்.