அதிபர் கைப்பட எழுதியது

தாஷ்கண்டில் தூதரகத்து ஜன்னலில் மார்ச் மாத வெயில் வெளிறிக் கிடக்கிறது. தூதர் தெமிர்குல் தன் நாட்டு அதிபரின் கடிதத்தை மூன்றாம் தடவையாகப் படிக்கிறார். பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்து மாறாத கோணல் கையெழுத்து. 'டேய் தெமிர், உன் ராஜினாமா கடிதத்தைக் கிழிச்சுப் போட்டுட்டேன். நவ்ரோஸ் பண்டிகைக்கு மூணு நாள் வந்துட்டுப் போ. இங்க ஹாஸ்டல் சாப்பாட்டுல உன் பொண்ணு ஐஜாமால் இளைச்சுட்டா. அதான் எங்க வீட்டுக்கே கூட்டிட்டு வந்துட்டேன்.' மனைவி பூருலாயின் முன்னால் கிண்ணத்தில் பால் தேநீர் ஆடை படிந்து ஆறிக் கிடக்கிறது. "அவகிட்ட போன்ல பேசினீங்களா?" என்கிறாள். "பேசினேன். நல்லா இருக்கேன்னுதான் சொன்னா. ஒவ்வொரு பதிலுக்கும் முன்னாடி கொஞ்சம் நிறுத்தினா." "நீங்க போனா, திரும்பி வர விடுவாரா?" தெமிர்குல் பேனா மூடியைத் திருகுகிறார். 'மரியாதைக்குரிய அதிபர் அவர்களுக்கு' என்று தொடங்கிய தாளைக் கசக்கிவிட்டு வேறு தாள் எடுக்கிறார். 'டேய்' என்று எழுதக் கை வரவில்லை. கடைசியில், 'அன்பு நண்பா, என் மகளைப் பார்த்துக்கொள்வதற்கு நன்றி. வருகிறேன்' என்று எழுதி முடிக்கிறார். மை காய்வதற்குள் பூருலாய் உள்ளே போய்ப் பெட்டியைத் திறக்கிறாள். மூன்று நாள் பயணத்துக்கு, அவருடைய கம்பளிச் சட்டைகள் அத்தனையையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறாள்.